கீழக்கரையில் இருந்துகொண்டே ஒரு பழைய ரேஸ் கார் வாங்கினேன்

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடந்த கார் ரேஸை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வாப்பா அப்போது மண்ணடியில் கடை வைத்திருந்தார். போர்க்காலத்தில் போட்ட அந்த விமான ஓடுதளத்துக்கு அழைத்துப்போய், கூட்டத்தில் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை. பிறகு கப்பல் இன்ஜினியர் ஆனேன். பல வருடம் சேர்த்த பணத்தில் போன வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப் ஒன்று வாங்கினேன். வண்டி நிற்பது இங்கிலாந்தில், மச்சான் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில். ஆனால் வாங்கும் வேலையில் முக்கால்வாசி லீவில் இருந்தபோது கீழக்கரை வீட்டு மொட்டைமாடியில்தான் நடந்தது. அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை.

புரோட்டோடைப் என்றால் ரேஸுக்கென்றே கட்டிய, பெரும்பாலும் கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் அகலமுள்ள வண்டி. முதலில் மனசு போனது 1970-களின் தொடக்கத்தில் வந்த ஷெவ்ரான், லோலா கம்பெனிகளின் 2 லிட்டர் வண்டிகள் மேல்தான். அவற்றின் காஸ்வொர்த் இன்ஜினை ஒருமுறை பிரித்துக் கட்டும் செலவைக் கேட்டதும் அந்த ஆசையை விட்டேன். விசாரித்தபோது ஸ்போர்ட்ஸ் 2000 தெரியவந்தது. 1977-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ரேஸ் பிரிவு. அதற்கென்று வந்த முதல் வண்டி லோலா டி490. உருவம் பெரிய வண்டிகளைப் போலவே இருக்கும், இன்ஜின் மட்டும் சாதாரண ஃபோர்டு கார்களில் இருந்த 2 லிட்டர் பின்டோ. சம்பளக்காரன் வைத்து ஓட்டக்கூடிய வண்டி இதுதான்.

முதலில் பார்த்த வண்டியில் ஏமாந்தேன். போட்டோவில் பளபளவென்று இருந்தது. வேறு ஆள் வாங்கிவிடுவாரோ என்ற பதற்றத்தில் பேப்பர் எதையும் கேட்காமல் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் சேசிஸ் எண் தகட்டைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். லோலா கம்பெனி இங்கிலாந்தின் ஹன்டிங்டன் ஊரில் கட்டிய வண்டிகளின் எண் 'எச்யூ' என்று தொடங்கும். அந்த எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தகட்டைச் சுற்றி நாற்பது வருட அழுக்கு, நாலு ரிவெட்டும் புத்தம் புதுசு. தகடு மாற்றுவதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் மேலும் விசாரித்ததில் அதே எண்ணோடு இன்னொரு வண்டி வேறு நாட்டில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அட்வான்ஸ் திரும்பி வர நாலு மாதம் ஆனது, அதுவும் முழுசாக வரவில்லை.

இந்த வண்டிகளுக்கு நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி ஒன்று கிடையாது. ரோட்டில் ஓடாத வண்டிக்கு யார் பதிவு கொடுப்பார்கள்? பழைய விற்பனை ரசீதுகள், அந்தக் கால ரேஸ் புரோகிராம், என்ட்ரி லிஸ்ட், கைமாறியவர்களின் கடிதங்கள், இவைதான் அதன் பிறப்புச் சான்றிதழ். பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சர்வதேச ஹிஸ்டாரிக் ரேஸ்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் 'எச்டிபி' என்ற தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும். வண்டியின் அமைப்பு அந்தக் காலத்து விதிப்படி இருக்கிறது என்றுதான் அது சொல்லும். 1977-ல் ஓடியது இதே வண்டிதான் என்று சொல்லாது. "எச்டிபி இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று விற்பவர் கேட்டால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

இரண்டாவது வண்டிக்குப் பேப்பர் ஒரு கட்டு வந்தது. உரிமையாளர் பெரியவர். பத்து வருடத்துக்கு மேல் கடலோரக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்ததை அவரே சொன்னார். கடலோரம் என்றதும் எனக்குப் பகீரென்றது. உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று இந்தக் கரையில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேரில் பார்க்கப் போவதற்கு முன்னால் ஏர்வாடிப் பக்கம் பைபர் வள்ளம் ஒட்டும் காக்காவிடம் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) போட்டோக்களைக் காட்டினேன். காரின் உடம்பும் வள்ளம் மாதிரியே கண்ணாடி இழை மேட், ரெசின் பசை, ஜெல்கோட் மேற்பூச்சுதான் என்றதும் ஆர்வமாகிவிட்டார். "பெயின்ட்டைப் பார்க்காதீங்க தம்பி. காசால தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா ஒட்டியிருக்கு. தொப்புன்னு கேட்டா உள்ள பிரிஞ்சு கெடக்கு" என்றார். அங்கே போய் ஒரு பவுண்டு காசால் மூக்கிலிருந்து வால் வரை தட்டினேன். இடது பின் வளைவில் ஒரு சாண் அகலத்துக்குத் தொப்பென்று கேட்டது. பழைய அடி ஒன்றுக்கு மேலாக ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் கியர்பாக்ஸ். ஹியூலேண்ட் மார்க் 9. பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே ரேஸ் கியர் அமைத்தது. பின் மூடியைக் கழற்றினால் போதும், பெட்டியை இறக்காமலே டிராக்குக்கு ஏற்றபடி பல்சக்கரங்களை மாற்றிவிடலாம். அருமையான யோசனை. ஆனால் அந்த உறை மக்னீசியம் கலவை. எஃகு போல்ட்டும் மக்னீசியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது மக்னீசியம்தான். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டையைக் கட்டி அரிக்க விடுகிறோமே, அதே கணக்கு. போல்ட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், அடியில் குழி. சஸ்பென்ஷன் பாகங்களுக்குச் சாய ஊடுருவல் சோதனை போட்டதில் ஒரு விரிசலும் இல்லை, இன்ஜின் கசிவுச் சோதனையும் திருப்தி. கியர்பாக்ஸ் உறைக்காக விலையைக் குறைக்கச் சொன்னேன். பெரியவர் தயங்காமல் குறைத்ததோடு, ஒரு பெட்டி நிறைய உதிரிப் பல்சக்கரங்களும் கொடுத்தார். பணம் என்ஆர்ஈ (வெளிநாட்டு வருமானத்துக்கான வங்கிக்) கணக்கிலிருந்து போனது, அதில் தொந்தரவு இல்லை.

கணக்குப் போடும்போது பலர் விட்டுவிடுவது காலாவதித் தேதிகளை. சீட் பெல்ட் பார்க்கப் புதுசாக இருந்தாலும் லேபிளில் உள்ள வருடம் முடிந்தால் ரேஸுக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையில் (ஸ்க்ரூட்டினி) தள்ளுபடி. பெட்ரோல் டாங்க்கின் ரப்பர் பைக்கு ஐந்து வருடம். தீயணைப்பானுக்கும் தேதி உண்டு. என் வண்டியில் மூன்றுமே முடிந்திருந்தன. ரேஸ் லைசென்ஸுக்கு மருத்துவப் பரிசோதனை, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டும் இருக்கின்றன; அவற்றைப் பற்றி அடுத்த லீவில் எழுதுகிறேன்.

வண்டியோடு விரிசல் விட்ட மூக்குப் பகுதி ஒன்றும் உபரியாக வந்தது. ரேஸில் முதலில் உடைவது மூக்குதான், மாற்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதைப் பெட்டி கட்டித் தூத்துக்குடிக்குக் கப்பலில் வரவழைத்தேன். இப்போது காக்காவின் கொட்டகையில், பாதி ஒட்டிய வள்ளத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. விரிசலை அடைத்துத் தேய்த்து, அச்சு எடுப்பதற்காக மூன்று பூச்சு மெழுகும் போட்டாகிவிட்டது. வெயில் ஏறினால் ரெசின் கலக்கும்போதே இறுகிவிடும் என்பதால், நாளை அதிகாலை சுபுஹு தொழுத கையோடு வரச் சொல்லியிருக்கிறார்.