சரியா ரெண்டில நிக்குது

“ஐயா, மூணாம் தொட்டி. வித்தியாசம் சரியா ரெண்டில நிக்குது. சூடு விடவா?”

“புத்தகத்தில என்ன எழுதியிருக்குண்ணே?”

“ரெண்டுக்குக் கீழ போனா விடச் சொல்லி எழுதியிருக்கு.”

“போயிருச்சா?”

“இல்லைங்க ஐயா. ரெண்டுதான்.”

“அப்ப நீங்க பாத்துச் செய்யுங்க.”

“சரிங்க ஐயா.”

இரவு 10.40. பேச்சு இவ்வளவுதான். கேட்டவர் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், ஃபேன் காற்று ஊதும் தொட்டிகளில் கொழுந்து வாடும் மாடியின் இரவுப் பொறுப்பாளர். பதில் சொன்ன நான் டீ மேக்கர், தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவன். ஃபோனை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். புரண்டு புரண்டு படுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இன்னும் குடைகிறது.

வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கந்தோரில் செக்ரோல் என்கிற ஆள், சம்பளக் கணக்கு எழுதுகிறவருக்கு அது சரி. ஐந்து மணிக்கு மூடிய புத்தகம் மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும். டீ மேக்கருக்கு அப்படியா? அந்தி நிறுவைக் கொழுந்து லொறியில் வந்து இறங்குவதே நாலரை, ஐந்து மணிக்கு. நாம் குவாட்டர்ஸ் பக்கம் நடக்கும்போதுதான் அது மாடியில் வாடத் தொடங்குகிறது. பறித்த பிறகும் கொழுந்து மூச்சுவிடுகிறது. ஈரத்தையும் விடுகிறது, சூட்டையும் விடுகிறது. 80 அடி நீளம், 6 அடி அகலத் தொட்டியில் சதுர அடிக்கு இரண்டரைக் கிலோ பரப்பினால் 1200 கிலோ. அவ்வளவும் அடுத்த பன்னிரண்டு, பதினான்கு மணி நேரத்துக்கு நம்மைக் கேட்காமலே மாறிக்கொண்டிருக்கும். முடிந்த வேலை என்று இங்கே மாலையில் எதுவுமே கிடையாது.

அந்த ‘ரெண்டு’ எதனால் பெரிய விசயம் என்பது மாடியில் நின்றவர்களுக்குத் தெரியும். ட்ரை பல்ப் என்பது சாதாரண வெப்பமானி, வெட் பல்ப் என்பது ஈரத் திரி சுற்றிய வெப்பமானி. ட்ரை பல்ப் காட்டுவதிலிருந்து வெட் பல்ப் காட்டுவதைக் கழித்தால் வருவதுதான் காற்றின் பசி. நாலைந்து பாகை செல்சியஸ் இருந்தால் வெறும் காற்றே ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். ரெண்டுக்கு இறங்கினால் காற்றே நனைந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஃபேன் சுற்றும், மின்சார பில் ஏறும், கொழுந்தின் மேல் நிற்கும் மழைத்தண்ணீர் அப்படியே நிற்கும். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவ மழை பிடித்தால் இதுதான் கதை. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும்போது கவலை தலைகீழ். அங்கே விடிவதற்கு முன்பே வாடித் தீர்ந்துவிடும்.

சூடு விடாமல் விட்டால் என்ன ஆகும்? ஈரக் கொழுந்து முறுக்கும் இயந்திரமான ரோலருக்குப் போகும். முறுக்கும்போது சாறு வெளியே ஓடும். கட்டி கட்டியாகப் பிடித்து, முறுக்கியதை உதிர்த்துச் சலிக்கும் ரோல் பிரேக்கரின் சல்லடையை அடைக்கும். டிரையரில் தேவைக்கு மேல் தண்ணீரை விரட்ட வேண்டியிருக்கும், நேரம் எடுக்கும், அதற்குள் தூள் வெந்துபோகும். சரி, முந்தியே சூடு விட்டால்? ஓரம் காய்ந்து சிவக்கும், தண்டு பச்சையாகவே இருக்கும். தண்ணீர் போவது மட்டும் வாட்டம் இல்லையே. இலைக்குள்ளே நடக்க வேண்டிய மாற்றங்களுக்கு மணிக்கணக்கு வேண்டும். சூட்டால் தண்ணீரைத்தான் அவசரப்படுத்தலாம், அந்த மாற்றத்தை அல்ல. இது போக, சூடு என்றால் விறகடுப்பில் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். அந்த மழையில் விறகும் காய்ந்திருக்காது.

ஆக, ரெண்டு என்பது இரண்டு பக்கமும் பேசக்கூடிய எண். அதனால்தான் அவர் ஃபோன் எடுத்தார்.

மாலை ஒப்படைப்புப் புத்தகம் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பழகிய தொழிற்சாலைகளில் அது வெறும் பதிவேடாகத்தான் இருந்தது: தொட்டி எண், கிலோ, நேரம், கையெழுத்து. நடந்ததை எழுதும் புத்தகம். இனி நடக்கப்போவதை அதில் யாரும் எழுதுவதில்லை. அது டீ மேக்கரின் தலைக்குள் இருக்கும், அவரோடு வீட்டுக்குப் போகும், அவரோடு சாப்பிட உட்காரும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் ஐந்து விசயம் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பரப்பிய நேரமும் கிலோவும். கொழுந்து நனைந்ததா காய்ந்ததா. அந்த நேரத்து வெட் பல்ப், ட்ரை பல்ப். எந்த எண்ணுக்கு வந்தால் சூடு, எந்த எண்ணில் நிறுத்தம். எத்தனை மணிக்கு ரோலருக்கு இறங்கும். சூடு விட்டாலும் ட்ரை பல்ப் 32ஐத் தாண்டக்கூடாது. இறக்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம் குளிர்ந்த காற்று மட்டும். கடைசியில் எதற்கெல்லாம் என்னை எழுப்பலாம் என்று மூன்று: ஃபேன் நின்றால், கருகல் மணம் வந்தால், ஆளுக்கு அடிபட்டால். மற்றதெல்லாம் காலையில்.

இதை எழுத இருபது நிமிடம் பிடிக்கும். அந்த இருபது நிமிடத்தில் தலை இறங்கிவிடும். பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஸைகார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் நினைவில் தங்குகிறது. 2011இல் மாஸிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் அதோடு ஒன்று சேர்த்தார்கள்: வேலையை முடிக்க வேண்டியதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அது மனதைத் தொந்தரவு செய்வது குறைகிறது. எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை. இரவுக்குள் முடிக்கவே முடியாத வேலைக்குத் திட்டம் ஒன்றுதான் கதவு.

ஃபோனை அணைத்துவிடு, குளித்துவிட்டு உடுப்பை மாற்று என்கிற யோசனைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. குளிக்கலாம், தேயிலை மணம் போகும். ஆனால் ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, கீழே குடியிருப்பவருக்கு ஃபோன் ஒரு சின்ன வாசல்தான். ஃபேன் சத்தம் இரவெல்லாம் காதில் இருக்கும். அது ஓடும்வரை தூக்கம், நின்றால் விழிப்பு. எந்த டீ மேக்கரின் மனைவியைக் கேட்டாலும் சொல்வார்.

புத்தகம் இருந்தது, எண் இருந்தது, அவர் கேட்டார், நான் புத்தகத்தைக் காட்டினேன். முறைப்படி எல்லாம் சரி. சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒவ்வொரு கேள்விக்கும் நான் படுக்கையிலிருந்து பதில் சொன்னால் புத்தகம் செத்துப்போகும். அடுத்த நாள் வித்தியாசம் ரெண்டேகால் என்று ஃபோன் வரும், அதற்கடுத்த நாள் மூன்று என்று. இரவு முழுக்க முடிவெடுத்துவிட்டுக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முந்தியே ரோலிங் ரூமில் நிற்கும் டீ மேக்கர் பகலில் எடுக்கும் முடிவுகள் எப்படி இருக்கும்? டிரையரின் உள்சூடு, வெளிச்சூடு, புளிக்க விடும் நேரம், எல்லாமே கண்ணும் மூக்கும் தெளிவாக இருந்தால்தான் பிடிபடும். தூங்காத மூக்குக்குத் தூள் பழுத்த மணம் எட்டாது.

ஆனால் அவருக்கு விடை தெரியும். அது எனக்கும் தெரியும். நான் வருவதற்கு எத்தனையோ காலம் முந்தியிருந்தே அந்த மாடியில் இருப்பவர் அவர். கொழுந்தை ஒரு பிடி அள்ளி உருண்டையாக அமுக்கி விரலை விரித்தால், அது மெல்ல மெல்லப் பிரியும் வேகத்தைப் பார்த்தே வாடிய கொழுந்தின் எடை பச்சை எடையில் எத்தனை விழுக்காடு என்று சொல்வார். நான் ஒரு கிலோ மாதிரியை வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள் வைத்து, தராசில் 530 கிராமுக்கு வருகிறதா என்று பார்ப்பேன். அவர் சொன்னதும் தராசு சொன்னதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்டவர் சூடு விடவா என்று ஏன் கேட்க வேண்டும்? நாளைக்குத் தோட்ட நிர்வாகியான துரை கேட்டால் ‘ஐயா சொன்னாரு’ என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கொடுக்கவில்லை. ‘நீங்க பாத்துச் செய்யுங்க’ என்பது கேட்க மரியாதையாக இருக்கிறது. மூத்தவரின் அனுபவத்தை மதிப்பது போலவும் இருக்கிறது. சம்பளம் என்னுடையதில் ஒரு பங்கு, முடிவு முழுக்க அவருடையது. என் தலைக்குள்ளிருந்து இறங்கிய தொட்டி எங்கே போயிற்று என்றால், அவர் தலைக்குப் போயிற்று. அவர் விடியும்வரை விழித்திருக்க வேண்டிய ஆள்தானே என்று சமாதானம் சொல்லலாம். விழித்திருப்பதும் பொறுப்போடு விழித்திருப்பதும் ஒன்றில்லை.

நேரத்துக்கு வேலையை மறப்பது என்பதே ஸ்டாஃப் ஆட்களுக்கு உள்ள வசதி என்றும் படுகிறது. அந்தி நிறுவை முடிந்து தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் போகும் பெண்ணுக்குத் தண்ணீர், விறகு, ரொட்டி, பிள்ளைகளின் பாடம் என்று அடுத்த பெரட்டு அங்கே தொடங்குகிறது. அவளிடம் போய் மனதை அணைத்துவிட்டு ஓய்வெடு என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வெட் பல்ப்பின் திரி. அது அழுக்கேறினாலோ, கிண்ணத்துத் தண்ணீர் வற்றினாலோ வெட் பல்ப் கூடக் காட்டும், வித்தியாசம் குறைந்து தெரியும். தூசி பறக்கும் மாடியில் வாரத்துக்கு ஒருமுறையாவது திரியை மாற்ற வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வாரம் திரி மாற்றியிருந்தார்கள், பதிவு இருக்கிறது. இருந்தாலும் மாடியின் மஞ்சள் வெளிச்சத்தில், அரைப் பாகைக் கோடுள்ள மானியில், ‘சரியா ரெண்டு’ என்று எவரால் படிக்க முடியும்? ஒன்றே முக்காலாகவும் இருக்கலாம், ரெண்டேகாலாகவும் இருக்கலாம். ஒன்றே முக்காலை அவர் ரெண்டு என்று படித்துச் சொன்னாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டுக்குக் கீழே என்றால் புத்தகமே முடிவு சொல்லிவிடும், ஃபோன் எடுக்க வேண்டியதில்லை. ரெண்டு என்றால்தான் என்னைக் கேட்கலாம். இது என் கற்பனையாக இருக்கலாம்.

காலையில் புத்தகத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: 11.15, கால் திறப்பு. 1.30, மூடியது. எழுதியதிலும் இல்லாத, நானும் சொல்லாத ஒரு நடுவழி. சூட்டுக் காற்றின் கதவைக் கால்வாசி மட்டும் திறந்திருக்கிறார். மூன்றாம் தொட்டி ஆறு மணிக்கு இறங்க வேண்டியது, ஆறே முக்காலுக்கு இறங்கியது. ரோலிங் தள்ளிப்போனது, கடைசி டிரையர் வெயில் ஏறிய பிறகு முடிந்தது.

தேயிலை எப்படி வந்தது? இதற்கு விடை கிடைக்காது என்பதுதான் எங்கள் தொழிலின் வேடிக்கை. மூன்றாம் தொட்டித் தூள் மற்றத் தொட்டிகளின் தூளோடு சலித்து, பீஓபி வேறு, பீஓபிஎஃப் வேறு என்று தரம் பிரிந்து, பல நாள் தேயிலையோடு கலந்து, இன்வொய்ஸ் என்கிற ஒரு விற்பனைத் தொகுதியாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். தரகரின் அறிக்கை அந்த இன்வொய்ஸைப் பற்றிப் பேசும். அந்த இரவைப் பற்றிப் பேசாது. வந்த அறிக்கையில் குறையும் இல்லை, விசேடமாக எதுவும் இல்லை. அவர் செய்தது சரியென்றும் நிரூபிக்க முடியாது, பிழையென்றும் முடியாது. முடிவு தெரிந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வரியைப் பிறகு திருத்தினேன்: ‘2 அல்லது அதற்குக் கீழ், கால் திறப்பா, அரைத் திறப்பா என்பது இரவுப் பொறுப்பாளர் விருப்பம், காலையில் யார் கேட்டாலும் டீ மேக்கர் பதில் சொல்வார்.’ கீழே என் கையெழுத்து. கடைசி வாக்கியத்தை எழுதும்போது பேனா சற்று நின்றது உண்மை. இப்போது மாலையில் இருபது நிமிடம் போதவில்லை; எழுத எழுத இன்னும் என்னவெல்லாம் நடக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. தலையை இறக்கி வைக்கத்தான் புத்தகம், அதுவே தலையில் ஏறிக்கொள்கிறதோ என்று சில நாள் எண்ணுவேன்.

திருத்திய வரியை அவரிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நல்லதுங்க ஐயா. ரெண்டரையில நின்னா?”

அதையும் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.