சிஎஸ்எஃப் ஃப்ளோ ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சிஎஸ்எஃப் என்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீர். அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் எம்ஆர்ஐதான் இந்த ஃப்ளோ ஸ்கேன். என் தங்கைக்கு அதை எடுக்கப் போயிருந்தோம். பணம் கட்டும்போதே சீட்டைக் காட்டிச் சொன்னேன்: "டாக்டர் ஃப்ளோ ஸ்டடின்னு எழுதியிருக்காரு, பாருங்க." கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாம் அதுலயே வந்துடும் சார், உட்காருங்க" என்றார். வரவில்லை. சாதாரண மூளை எம்ஆர்ஐ எடுத்து ஃபிலிமைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வரை பிடரி வலியோடு பஸ்ஸில் வந்த என் தங்கைக்கு அன்றைய அலைச்சல் முழுக்க வீண். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு இருப்பது கியாரி குறைபாடு, முதல் வகை. சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது. இருமினாலும் தும்மினாலும் பின்மண்டையில் வெட்டி இழுக்கும். தண்டுவடத்துக்குள்ளும் நீர் கோத்திருக்கிறது. தோசைக்கல் சுட்டதுகூட அவள் கைக்கு உறைக்காமல் போனது அதனால்தான். பொதுவாக 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் கியாரி என்கிறார்கள். ஆனால் அந்த அளவை மட்டும் வைத்து ஆபரேஷனை முடிவு செய்வதில்லை. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் மூளையைச் சுற்றியுள்ள நீர் கழுத்துக்கு இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். அது எங்கே தடைபடுகிறது என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். அசையாத படத்தில் அது எப்படித் தெரியும்?

ரேடியாலஜிஸ்டை நேரில் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றேன். சீட்டைப் பார்த்ததுமே, "இதுக்குத் தனியா எடுக்கணுமே" என்றார். இன்னொரு நாள் வரச் சொல்லி, கூடுதல் பணம் வாங்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

அன்றைக்கும் ஒரு தடங்கல். நாடித்துடிப்போடு சேர்த்துப் படம் பிடிப்பதற்காக விரலில் ஒரு கிளிப் மாட்டுகிறார்கள். ஏசியில் விரல் சில்லிட்டுப்போய்த் துடிப்பே பதிவாகவில்லை. டெக்னீஷியனாக இருந்த பெண் கையைத் தேய்த்துச் சூடாக்கி, போர்வை போர்த்தி, வேறு விரலில் மாட்டிப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

பெண்களை அழைத்துப் போகிறவர்கள் மூக்குத்தித் திருகை முந்தின நாளே கழற்றிவிடுங்கள், அங்கே போய் மல்லாட முடியாது. தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கு ரொம்ப முக்கியம், அது இரும்பு, எம்ஆர்ஐ மெஷினோ பெரிய காந்தம். ஓட்டம் பார்க்க மட்டும் என்றால், படம் எடுத்துக்காட்டாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டியதில்லை. பில்லில் அது சேர்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம், சிடி வாங்காமல் கிளம்பாதீர்கள். ஓட்டம் அசையும் படமாக அதில்தான் இருக்கும்.

நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டு சிடியைத்தான் போட்டார். தண்டுவடத்துக்கு முன்பக்கம் நீர் துடிப்பின் ஒரு கட்டத்தில் வெள்ளையாகவும் அடுத்த கட்டத்தில் கறுப்பாகவும் மாறி மாறி ஓடியது. பின்பக்கம், சிறுமூளை இறங்கிய இடத்தில், எந்த மாற்றமும் இல்லை. "இங்கதாம்மா அடைப்பு" என்று தங்கையிடம் திரையைத் தொட்டே காட்டினார். பின்மண்டை எலும்பில் கொஞ்சம் எடுத்து வழிவிட வேண்டும் என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதே சிடியை அன்றைக்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.