காற்று நின்ற பிறகு

மின்துறையில் லைன்மேனாக இருக்கிறேன். அந்தப் பெரும்புயல் எங்கள் பகுதியில் அடித்த இரவு நான் துணை மின் நிலையத்தில், மனைவியும் பிள்ளைகளும் அம்மாவும் வீட்டில். யார் கேட்டாலும் அந்த இரவின் காற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது காற்று நின்ற பிறகு நடந்ததைப் பற்றி.

புயல் வருமுன்பே சப்ளையை நிறுத்திவிடுவோம், அதற்குத் திட்டும் வாங்குவோம். காற்றின் வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால் கம்பத்தின் மீது விழும் அழுத்தம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அறுந்து விழும் கம்பியில் மின்சாரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

நடுஇரவில் காற்று சட்டென்று அடங்கியிருக்கிறது. பையன் வெளியே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்ப, மனைவி கதவை மறித்து நின்றுவிட்டாள். வலுத்த புயலின் கண் பெரும்பாலும் 30 முதல் 60 கிலோமீட்டர் அகலம் இருக்கும், அது தலைக்கு மேல் கடக்கும்வரை அமைதி, கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வெறியோடு வரும், முதல் பாதியில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் பாதியில் சாயும். இதையெல்லாம் நான் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருப்பேன், வீட்டில் சலித்துக்கொள்வார்கள். அன்று அவளுக்கு அது நினைவிருந்தது.

அப்புறம்தான் எங்கள் வேலை. முதலில் துணை மின் நிலையம், பிறகு அங்கிருந்து மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் போகும் பெரிய லைன்களான ஃபீடர்கள், அதன் பிறகு மற்ற ஃபீடர்கள், கடைசியாகத் தெருக்கள். ஒரு ஃபீடரைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் வரும், ஒரு தெருக்கம்பத்தை நிமிர்த்தினால் சில வீடுகளுக்குத்தான். எங்கள் தெரு வரிசையில் கடைசிப் பக்கம். "உங்க வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்தானே, எப்பம்மா வரும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இருட்டில் உட்கார்ந்தபடி பதில் சொன்னது அவள்தான். எனக்கு அழைத்து ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

எங்களைப் பயமுறுத்தியது ஒரு ஜெனரேட்டர். லைன் கிளியர், அதாவது சப்ளை நிறுத்தியாயிற்று வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்கியாகிவிட்டது, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டியாகிவிட்டது, லைனில் மின்சாரம் இருக்கக் கூடாது. ஆனால் லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டுவதற்கு முன் சோதித்தபோது கருவி கத்தியது. ஏதோ ஒரு வீட்டில் மெயின் சுவிட்சை அணைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேராகச் செருகியிருந்தார்கள். மின்மாற்றிக்குத் திசை பேதம் கிடையாது, 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குக் கொடுப்பதைப் போலவே வீட்டு 230 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி மேலே அனுப்பும். அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறியிருக்க வேண்டியவன் என் கூட்டாளி, கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவன். அவன் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தான்.

வீட்டுக்குப் போனபோது இதை மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது, அப்படி வெளிறிப்போனாள். மறுநாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தெருவில் ஜெனரேட்டர் சத்தம் கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறாள். மெயினை அணைத்துவிட்டு, தேவையான சாமானை மட்டும் ஜெனரேட்டரிலேயே செருகுங்கள், வீட்டு வயரிங்கில் கொடுக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, ஜெனரேட்டரும் வெளி லைனும் சேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும், கீழே கிடக்கும் கம்பிக்குப் பத்து மீட்டருக்குள் யாரும் போக வேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள் என்று. பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எரிச்சலாக, "உனக்கென்னம்மா இவ்வளவு அக்கறை?" என்றாராம்.

"மேலே ஏறுறது என் பிள்ளைப்பா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் உள்ளே போய் மெயினை அணைத்துவிட்டு வந்திருக்கிறார்.