"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா சிஸ்டர்?"

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நான் செவிலியராகி 14 வருடம் ஆகிறது. புதிதாக வரும் பெற்றோர் சிகிச்சை எத்தனை மாதம், முடி கொட்டுமா என்பதையெல்லாம் டாக்டரிடமே கேட்டுவிடுவார்கள். ஒரு கேள்வி மட்டும் எங்களிடம்தான் வரும், அதுவும் பெரும்பாலும் இரவில், குழந்தை தூங்கிய பிறகு. மேலே தலைப்பாக இருப்பது அதுதான்.

ஆரம்பத்தில் "அப்படியெல்லாம் இல்லம்மா, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். அது பதிலே இல்லை என்று புரிய நாளாயிற்று. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தோடு சொல்கிறேன். பெரியவர்களின் புற்றுநோயில் புகையிலை, மது, வயது என்று பேச ஏதாவது இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு வருவது வேறு. நியூரோபிளாஸ்டோமா, வில்ம்ஸ் கட்டி, ரெட்டினோபிளாஸ்டோமா, ஹெபடோபிளாஸ்டோமா எல்லாமே, நரம்பாகவோ சிறுநீரகமாகவோ விழித்திரையாகவோ கல்லீரலாகவோ முதிர வேண்டிய செல்கள் முதிராமலே பெருகுவதால் வருபவை. பரம்பரைக் காரணம் இருப்பதும் மொத்தத்தில் பத்தில் ஒரு குழந்தைக்குத்தான். ரெட்டினோபிளாஸ்டோமாவில் அது சுமார் 40 சதவீதம், ஆனால் அங்கேயும் பல வீடுகளில் நோய்க்குக் காரணமான ஆர்பி1 என்ற மரபணுவின் மாற்றம் அந்தக் குழந்தையிடம்தான் முதன்முதலாகத் தோன்றியிருக்கும்.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். "முன்னாடியே பார்த்திருக்கணுமோ?" ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் வந்த குழந்தையின் அம்மா ஒருவர் ராத்திரி முழுக்க போனில் பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றில், ஃப்ளாஷ் பட்ட ஒரு கண்ணில் சிவப்புக்குப் பதில் வெள்ளை ஒளி. அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கி அழுதார். ஆனால் கடைசியில் அந்த வெள்ளையைக் கவனித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தானே.

நானே ஒருமுறை இந்தக் காயத்தைக் கிளறியிருக்கிறேன். மூன்று வயதுப் பையன், குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் கெட்டியாக இருப்பதை அவன் அம்மா கையில் உணர்ந்திருக்கிறார். வெளியே காட்டியதில் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், இரண்டு வாரம் போய்விட்டது. அட்மிஷன் ஃபார்ம் நிரப்பும் அவசரத்தில் நான் "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை, குனிந்துகொண்டார். அவனுக்கு இருந்தது வில்ம்ஸ் கட்டி, சிறுநீரகத்தில் வருவது. அது அநேகமாக வலிக்காது, குழந்தை ஓடி விளையாடும், அந்த வயதில் வயிறு இயல்பாகவே கொஞ்சம் முன்தள்ளித்தான் இருக்கும். இத்தனையும் தெரிந்த நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தத் தாமதத்தில் பாதி, அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்காததால் வருவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்கேன் முடிந்ததும் அவன் கட்டிலுக்கு மேல் "வயிற்றை அழுத்த வேண்டாம்" என்று எழுதி ஒட்டினோம். அழுத்தினால் கட்டி உடைந்து செல்கள் வயிற்றுக்குள் சிதறலாம். அதைப் படித்த நாளிலிருந்து அந்த அம்மா பையனைக் குளிப்பாட்டவே பயந்தார். தன் கைபட்டதால்தான் ஏதாவது ஆகியிருக்குமோ என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார். கட்டியை முதலில் கண்டுபிடித்ததே அந்தக் கைதான், மெதுவாகத் தொட்டதால் எதுவும் ஆகிவிடாது என்று சொல்லி, ஈரத்துணியால் அழுத்தாமல் துடைக்கக் காட்டிக்கொடுத்தேன். அப்போதுதான் அன்று கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

நான்கு வாரம் வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் என்ற கீமோ மருந்துகள். அப்புறம் ஆபரேஷனில் ஒரு சிறுநீரகத்தோடு கட்டியை எடுத்தார்கள். தையல் ஆறியபின் ஒரு காலையில் குளியலறையிலிருந்து அவன் கத்தும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சூடு என்று சண்டை. அம்மா காது கொடுக்காமல், அவன் வயிற்றில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.