பாதி நிலத்தை விட்டுக்கொடுத்து அனுமதி வாங்கிய அனுபவம்

எங்கள் வீட்டுமனைத் திட்டத்துக்கு அனுமதி கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் நிலத்தின் நடுவே ஓர் ஓடை, இரு கரையிலும் முதிர்ந்த மரங்கள். பாதி நிலத்தைத் தொடாமல் விட்டு, மீதியில் வீடுகளை நெருக்கமாக அமைத்தால் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் சில வீடுகள் கட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் பகுதி நகரமைப்பு விதியிலேயே இருக்கிறது. அதை நம்பித்தான் விண்ணப்பித்தோம்.

அந்த 'வழக்கமான எண்ணிக்கை'யிலேயே சிக்கல் ஆரம்பித்தது. சலுகை இல்லாமல் சாதாரண லேஅவுட் போட்டால் எத்தனை மனை தேறும் என்று தனி வரைபடம் கொடுக்க வேண்டும். வெள்ளம் ஏறும் தாழ்வான பகுதியையும் செங்குத்துச் சரிவையும் கழித்துவிடுவார்கள், அது நியாயம். ஆனால் எங்கள் ஃபைலைப் பார்த்தவர், மரங்கள் நிற்கும் மேட்டையும் சேர்த்துக் கழித்துவிட்டார். அந்த மேட்டில் சட்டப்படி வீடு கட்டலாம். கட்டாமல் விடுவதற்குத்தானே சலுகையே! அதைக் கழித்தால் நாங்கள் விட்டுக்கொடுப்பதற்கு என்ன ஈடு? "எப்பவும் இப்படித்தான் சார்" என்று ஃபைலைத் திருப்பித் தள்ளினார். சர்வேயரை வைத்து மட்டம் எடுத்து, வெள்ள எல்லையைத் தனி நிறத்தில் குறித்து மேலதிகாரியிடம் கொடுத்த பிறகே மேடு கணக்கில் ஏறியது. வாயால் வாதாடிப் பயனில்லை, வரைபடத்தில் காட்டுங்கள்.

வரைபடத்தையும் சாலையிலிருந்து தொடங்க விடாதீர்கள். அமெரிக்கத் திட்டமிடலாளர் ராண்டல் ஆரண்ட் சொல்லும் வரிசை இது: முதலில் காக்க வேண்டிய இடம், பிறகு வீடுகள், அப்புறம் சாலை, கடைசியில்தான் மனை எல்லைகள். சாலையை முதலில் போட்டால் மரங்கள் அதற்கு வழிவிட வேண்டியதாகிவிடும்.

அடுத்தது சாலையின் அகலம். அகலம் குறைந்தால் மரங்கள் தப்பும், மழைநீரும் மண்ணில் இறங்கும். நகரமைப்புப் பிரிவு சரி என்றது, தீயணைப்புப் பிரிவு பழைய அகலத்தையே கேட்டது. கடைசியில் தீயணைப்பு வண்டி திரும்பும் வட்டத்தை அளவுப்படி டிரேசிங் தாளில் வரைந்து, ஒவ்வொரு வளைவின் மேலும் வைத்துக் காட்டினோம். ஒரே ஒரு முனையில் சக்கரம் ஓரத்தைத் தாண்டியது. அந்த இடத்தில் மட்டும் பாரம் தாங்கும் அடித்தளம் போட்டு, மேலே புல் வளர்க்கிறோம் என்றதும் கையெழுத்து விழுந்தது. இறுதி அனுமதி வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. முடிந்தால் எல்லாப் பிரிவினரையும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

கட்டண விஷயம், அறிவிப்பு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

முக்கியமான ஒன்று. விட்டுவைக்கும் நிலத்தில் எதிர்காலத்தில் யாரும் கட்டக்கூடாது என்று பத்திரம் பதிய வேண்டும். குடியிருப்போர் சங்கம் அதை எப்படிப் பராமரிக்கும், செலவை யார் ஏற்பார்கள் என்றும் எழுதித் தர வேண்டும். விண்ணப்பப் பட்டியலில் இந்தப் பராமரிப்புத் திட்டம் இல்லவே இல்லை; கடைசிக் கட்டத்தில்தான் கேட்டார்கள். எங்கள் ஃபைல் அதிக நாள் கிடந்தது அந்த ஒரு தாளுக்காகத்தான். மாதிரிப் படிவம் இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.