சோஃபி நாள் கழிந்தபின் நடுகிற கத்தரி

சுவிசுக்குப் புதிதாக வந்து, வீட்டோடு ஒரு துண்டு மண்ணும் கிடைத்த எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மே 15 வரை கத்தரிக்கன்றை வெளியே நடாதீர்கள். ஏப்ரலில் வெயில் நன்றாகத்தான் எறிக்கும். ஆப்பிள் மரம் பூத்து நிற்கும், எதிர்வீட்டுக்காரர் அரைக்கைச் சட்டையோடு புல் வெட்டுவார், கடை வாசலில் தக்காளிக் கன்றுகளை அடுக்கி விற்பார்கள். அந்த வெயிலை நம்ப முடியாது. ஒரே ஒரு இரவு பூச்சியத்துக்குக் கீழே போனால் போதும். தக்காளி, கத்தரி, கொச்சி மிளகாய் எல்லாம் விடியும்போது அவித்த கீரையாய்க் கறுத்துத் தொங்கும்.

இங்குள்ளவர்கள் அதற்கு நாள் குறித்தே வைத்திருக்கிறார்கள். மே 11 முதல் 15 வரை ஐந்து புனிதர்களின் நாட்கள்: மமெர்ட்டுஸ், பங்கிராஸ், சேர்வாஸ், பொனிஃபாஸ், கடைசியாகச் சோஃபி. பனிப் புனிதர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். ‘குளிர் சோஃபி’ என்று சொல்கிற அந்தக் கடைசி நாள் போன பிறகுதான் சூடு கேட்கும் கன்றுகள் மண்ணுக்கு வரும். 1582இல் புதிய நாட்காட்டி வந்தபோது பத்து நாள் நகர்ந்துவிட்டதல்லவா, அந்தப் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு மே 20 தாண்டியும் பொறுத்திருப்பவர்கள் உண்டு. எங்கள் மேல்மாடியில் இருக்கிற வயதான அம்மா அப்படித்தான். நாங்கள் இந்தத் தரைத்தள வீட்டுக்கு வந்த வருடம், நான் கன்றுச் சாடிகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பலகணியிலிருந்து பார்த்துவிட்டு, செருப்போடு இறங்கி வந்து என் கையிலிருந்து சாடியை வாங்கி ஜன்னலுக்கு உள்ளே வைத்தார். எனக்கு அப்போது ஜெர்மன் சரியாக வராது. அவர் விரல் மடித்து நாள் எண்ணிக் காட்டினார். பேர்ணில் என்னோடு முதன்முதலாக உட்கார்ந்து பேசிய சுவிஸ் மனிதர் அவர்தான். அதை நான் எப்போதும் நன்றியோடு நினைக்கிறேன்.

நான் களுதாவளைப் பிள்ளை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகும் வீதியில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பெயர் போனது. அங்கே தோட்டம் என்றால் தண்ணீர்தான் கணக்கு. மணல் ஊற்றிய தண்ணீரை வைத்திருக்காது, அப்படியே உள்ளே விட்டுவிடும். ஆகவே காலையும் மாலையும் இறைக்க வேண்டும். ஆனால் அதே மணல்தான் மாரி மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் தருகிறது. அதனால்தான் அவ்வளவு தோட்டம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போனபோது, அவற்றைத் திரும்பத் தெளிய வைத்தது அடுத்தடுத்து வந்த மாரிதான். வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கும். சுடுகாற்று. இலை ஓரம் கருகும், மத்தியானத்தில் மணலில் கால் வைக்க முடியாது. அம்மா கன்றுகளுக்குக் கிடுகு சாத்தி, மாட்டெருவும் சருகும் போட்டு மூடி வைப்பார்.

அதே வைகாசியில் நான் இங்கே மண்ணுக்குள் கம்பி வெப்பமானியைக் குத்திப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அம்மாவுக்கு அது பெரிய புதினம். "மண்ணுக்குக் காய்ச்சலா மகள்?" என்று கேட்டார். காய்ச்சல் இல்லை அம்மா, குளிர். மண் 12 பாகை தாண்டினால் தக்காளி வைக்கலாம், வெண்டிக்கு 18ஆவது வேண்டும். தண்ணீருக்கு இங்கே பஞ்சமில்லை. மண்ணும் களிமண் கலந்த பாரமான மண், ஒருமுறை நனைந்தால் நாட்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். ஈரமாக இருக்கும்போது கிண்டினால் கட்டிபட்டுப் போகும், காயவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஊரில் தண்ணீரைக் கணக்குப் பார்த்துப் பழகிய கை, இங்கே சூட்டைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிய நாட்டில் வாழப் பழகுவது என்று பலரும் பலதைச் சொல்வார்கள். எனக்கு அது இந்தக் கணக்கு மாறியதில்தான் தொடங்கியது.

அதனால் மார்ச்சிலேயே வேலை ஆரம்பம். தெற்குப் பக்க ஜன்னல் கட்டையில் தயிர்க் கோப்பைகளில் கொச்சி, கத்தரி, தக்காளி விதைகள். மே முதல் கிழமையில் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குவேன். என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை செய்து இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வருவார். வந்ததும் முதலில், "கன்றெல்லாம் உள்ளுக்கா?" என்பார். எங்கள் வீட்டில் இந்த மாதம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு அடுத்த விசாரணை அதுதான்.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். களுதாவளையில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பேர்ணில் மே கடைசியில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். இது நல்லது என்றுதான் தோன்றும், தக்காளிக்கும் பூசணிக்கும் நல்லதுதான். ஆனால் எங்கள் அவரையும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கிற சாதி. இங்கே நட்டால் கோடை முழுக்கக் கொடியும் இலையுமாகப் படர்ந்து, செப்டெம்பரில் பூத்து, காய் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். ஆசைக்கு ஒரு கொடி விடுங்கள், இடத்தை அதற்கே கொடுத்துவிடாதீர்கள். பயற்றை பரவாயில்லை, மண் நன்றாகச் சூடான பின் போட்டால் காய்க்கும். வெண்டிக்குப் பிளாஸ்டிக் கூடாரம் வேண்டும். முருங்கையும் கறிவேப்பிலையும் சாடியில்தான், அக்டோபரில் உள்ளே வந்துவிட வேண்டும்.

இந்த மண் தானாக விரும்பித் தருவதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம். மார்ச்சில் போட்ட பட்டாணி சின்னக் குளிரைத் தாங்கும், வசந்தக் கடைசியில் தோலோடு சமைக்கிற பிஞ்சு கிடைக்கும். தேங்காய்ப்பால் விட்டுப் பால்கறி வைத்தால் பிள்ளைகள் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். மங்கோல்ட் என்ற கீரை, தண்டு தடிப்பாக வெள்ளையாக இருக்கும், அதைச் சன்னமாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் ஊர்ச் சுண்டலுக்குக் கிட்ட வரும். ருபார்ப் தண்டின் புளிப்பு மீன்குழம்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. இலையை மட்டும் தொடாதீர்கள், நஞ்சு. ஜூன் 24 வரைதான் அதை வெட்டுவார்கள், பிறகு செடியை ஓயவிடுவார்கள். அப்புறம் காட்டில் உள்ளி மணத்தோடு முளைக்கும் பேர்லவ்க் இலையைப் பறிக்கப் போகிறவர்கள், தெரிந்தவரோடு போங்கள். மே மாத மணிப்பூவின் இலையும் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். அது கடும் நஞ்சு.

நத்தையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஓடில்லாத, விரல் நீளக் கபில நிற நத்தைகள். ஒரு மழை இரவில் ஒரு பாத்தியை முடித்துவிடும். ஊர்ப் பழக்கத்தில் பின்னேரம் தண்ணீர் விடுவதை இங்கே கைவிட வேண்டியிருக்கிறது, இரவு ஈரம் அவற்றுக்கு விருந்து. காலையில் விடுங்கள், அதுவும் இலையில் படாமல் அடியில். தக்காளிக்கு மேலே ஒரு கூரையும் போடுங்கள். கோடை மழை இலையில் நின்றால் அழுகல் நோய் வந்துவிடும். களுதாவளையில் மழைக்கு ஏங்குகிற அம்மாவிடம், நான் மழை படாமல் தக்காளிக்குக் கூரை போடுகிறேன் என்றால் நம்புவாரா? படம் அனுப்பிக் காட்டினேன். ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார்.

பூக்களுக்கு வருகிறேன். மே நடுவில் பேர்ண் முழுக்க ஜன்னல்களில் சிவப்பு ஜெரேனியம் தொட்டிகள் ஏறும். எங்கள் வேலியோரம் ஊதா நிற லைலாக், அதன் மணம் வீட்டுக்குள்ளேயே வரும். பெந்தெகொஸ்தே பண்டிகைக் காலத்தில் பியோனி ஒவ்வொன்றும் கை நிறைய விரியும். அம்மாவின் வளவில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை. அங்கே இது கண்ணகி அம்மன் சடங்குக் காலம். ஊர் ஊராகக் கோயில் கதவு திறந்து, வைகாசிப் பூரணையை ஒட்டிக் குளிர்த்தி பாடுவார்கள். கமுகம்பாளையும் வேப்பிலையும் கட்டுக்கட்டாகக் கோயிலுக்குப் போகும். கச்சான் சுட்டெரிக்கிற மாதத்தில் அம்மனைக் குளிரச் செய்கிற சடங்கு. அந்த வெக்கையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சாமி அறைக்குப் பியோனி வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "உன்ர வளவில பூத்ததுதானே, வை" என்றார். இப்போது ஒவ்வொரு சடங்குக்கும் என் கண்ணகி அம்மன் படத்துக்குப் பியோனிதான். மேல்மாடி அம்மாவுக்கும் இரண்டு பூ போகும். அவர் பதிலுக்குத் தன் சுக்கினிக் கன்றுகளைத் தருவார். போன வருடம் நான் கொடுத்த கொச்சிக்காயை வெயிலில் காயவைத்து, சூப்பில் போட்டாராம், கண்ணீர் வந்ததாம், இந்த வருடமும் ஒரு கன்று கேட்டிருக்கிறார்.

சோஃபி நாள் கழிந்தாயிற்று, மண்ணும் சூடாகிவிட்டது, என் கத்தரி இந்தச் சனிக்கிழமை இறங்குகிறது. ஜன்னல் கட்டையில் கொச்சிக் கன்றுகள் தேவைக்கு மேலே நிற்கின்றன. பேர்ண் பக்கம் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். சாடியை மட்டும் திருப்பித் தாருங்கள், அடுத்த மார்ச்சில் வேண்டும்.