மார்கழியிலும் வியர்த்தது

சித்திரையில் வியர்த்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் வியர்க்காதவர் யார்? மார்கழி பிறந்து, விடிகாலை கோலம் போடக் குனிந்தேன். நெஞ்சிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏறி, முகம் எரிந்து, ரவிக்கை நனைந்துவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் இது வேறு என்று புரிந்தது.

எனக்கு 49 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம். ராத்திரி மூன்று நான்கு தடவை விழிப்பு. எட்டாம் வகுப்பில் கணக்கு நடத்தும்போது போர்டில் ஒரு வரி எழுதுவேன், அடுத்த வரி மறந்துபோகும். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. முதலில் பார்த்த மருத்துவர், "எல்லாருக்கும் வர்றதுதானம்மா" என்று கால்சியம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் பெரியமனுஷி ஆனபோது அம்மா தினமும் உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். அது நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

விலக்கு நின்றபின் உடம்பில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோன்களை மருந்தாக எடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. அந்தப் பேச்செடுத்ததும் தம்பி பெண்டாட்டி பதறிவிட்டாள். "வேண்டாம் மைனி, புத்துநோய் வந்துரும்." அவள் பயம் வெறும் பயமில்லை. எங்கள் அத்தைக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது.

அந்தப் பேச்சு பரவியது 2002இல். அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டரோன் ஹார்மோனைப் போலச் செய்த புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையோ, மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்து நடத்திய ஆய்வை அந்த வருடம் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று செய்தி வந்தது. சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்று பிள்ளைகளிடம் தினமும் கேட்கிறவள் நான். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு 30 பேருக்கு வந்தது, ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களில் 38 ஆனது. எட்டுப் பேர் அதிகம். பக்கவாதத்திலும் எட்டு, நுரையீரலில் ரத்தக்கட்டு எட்டு. இடுப்பெலும்பு முறிவோ ஐந்து குறைந்தது. குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து, ஏழு மாதம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்தவளுக்கு அந்த ஐந்து சின்ன எண் இல்லை. எட்டும்தான்.

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், விலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்குத் தொந்தரவு கடுமையாக இருந்தால் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்று இப்போது சொல்கிறார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் முக்கால் மணி நேரம் பேசினார். ரத்த அழுத்தம், மாமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, கர்ப்பப்பை ஸ்கேன் எல்லாம் பார்த்தார். அம்மா, அக்கா, தங்கை என்று நேர் உறவில் இல்லாமல், அத்தை ஒருவருக்கு, அதுவும் அந்த வயதில் வந்ததை மட்டும் வைத்து உங்களுக்கு மறுக்க மாட்டேன் என்றார். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் தன்மை கூடும். தோலில் தடவும் ஜெல்லில் அந்தச் சிக்கல் குறைவு. கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாது, அதன் உட்சுவர் தடித்துப் புற்றாகாமல் இருக்க ராத்திரி ஒரு புரோஜெஸ்டரோன் கேப்ஸ்யூல்.

கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு இதே மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். 43 வயதில் கர்ப்பப்பையை எடுத்தபோது அவளுக்குக் காலில் ரத்தம் கட்டியிருந்தது. ஆனால் அடிக்கடி வரும் சிறுநீர்க் கடுப்புக்கும் பெண்ணுறுப்பு வறட்சிக்கும் அதன் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதினார். அது ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்குமாம். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் எரிச்சலோடு இருந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜெல் தொடங்கி பத்து வாரம் ஆகிறது. சூடு எப்போதாவதுதான் வருகிறது, விடியும்வரை தூங்குகிறேன். இடையில் ரத்தம் பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். வருடா வருடம் தொடரலாமா என்று திரும்பப் பார்க்க வேண்டும்.

போன வாரம் தம்பி பெண்டாட்டியிடம் மாமோகிராம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள். அப்புறம், "நானும் ஒருதடவ எடுத்துப் பாக்கட்டா மைனி?" என்றாள். அவளுக்கு 46. சனிக்கிழமை இருவரும் போகிறோம்.